டாக்டர் என்னைக் காப்பாற்றவில்லை

போன வாரம் உதியன்குளங்கரை ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எங்கள் சபைக்காரரான எலக்ட்ரிக்கல் கடை செல்வராஜ் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, டாக்டர் உங்களையும் காப்பாத்திட்டாராக்கும்!"

கண்ணடித்துவிட்டுப் போய்விட்டார். பஸ் ஸ்டாப்பே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை...

வரிசையாகவே சொல்கிறேன். வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியாது.

அக்கா கிரேஸுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரா வாரம் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். அத்தான் உடனே தன்னுடையதைத் தர முன்வந்தார். நான் விடுவேனா? "கூடப்பிறந்தவன் நான் இருக்கும்போது நீங்க எதுக்கு அத்தான்?" என்று வசனம் பேசினேன்.

அதோடு நின்றேனா? ஞாயிறு ஆராதனையில் வாசிக்க ஜெப விண்ணப்பமும் எழுதிக் கொடுத்தேன் — 'தமக்கைக்குச் சிறுநீரகம் ஈயும் சகோதரனுக்காக.' ஒரு பரிசோதனைகூட அப்போது ஆகவில்லை! தியாகியைப் பார்க்க ஊரே வந்தது. ஏத்தன் பழமும் அச்சப்பமுமாக. வந்ததையெல்லாம் தியாகி தின்று தீர்த்தான்.

டாக்டர் காஞ்சிரங்குளத்துக்காரர். சிறுநீரக மாற்று என்றால் என்னவென்றே இந்தப் பக்கம் தெரியாத காலத்தில் கத்தியை எடுத்தவர். முதல் ஆபரேஷன் முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லையாம். கட்டிலடியில் தொங்கிய பையில் சிறுநீர் சொட்டுகிறதா என்று பார்த்தபடி ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாராம். 'ஒன்றைக் கொடுத்தால் பாரம் தூக்க முடியாது' என்று ஜனங்கள் பயந்தபோது, தங்கைக்குக் கொடுத்திருந்த பூவார் மீன்காரி ஒருத்தியைக் கூடையோடு வார்டுக்குள் நடக்கவைத்தார். வார்டு நாறியது; பயம் போயிற்று.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கொடுக்க வந்தவரைத் தனியே அழைத்து, "உனக்கு இஷ்டந்தானா?" என்று கேட்பார். இல்லையென்றால், 'பொருந்தவில்லை' என்று வீட்டாரிடம் அவரே சொல்லிவிடுவார். கட்டாயத்துக்கு வந்தவர் தலைகுனியாமல் வீடு போகலாம்.

ஒரு டிவி பேட்டியில், பெயர் எதுவும் சொல்லாமல், இதைச் சொன்னார். கேட்டு உருகி, 'என்ன மனுஷன்!' என்று ஊர் முழுக்கத் தெரியும்படி விலாவாரியாக எழுதியது யார்? இதே பத்திரிகையில், இதே பத்தியில்... நான்தான்.

என் முறை வந்தது. டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, பாதி மலையாளத்தில் கேட்டார்.

"எடோ, சத்யம் பற. இஷ்டமில்லேன்னா சொல்லும். பாக்கி நான் பாத்துக்கிடுவேன்."

"இஷ்டந்தான் டாக்டர்." குரல் கீச்சென்று வந்தது. ஆனாலும் அதைத்தான் சொன்னேன்.

பிறகு பரிசோதனைகள். மறுபடி கூப்பிட்டார்.

"உமக்கு சுகர் உண்டு. நாள்பட்டதாக்கும். உம்ம கிட்னி உமக்கே வேணும்."

எனக்கே அன்றுதான் தெரியும். "வெளியே போய் எப்படிச் சொல்வேன் டாக்டர்?" என்றேன். அவர் என் தோளில் தட்டினார். "அது நான் சொல்லிக்கிடுவேன்."

பழக்கதோஷம்! வெளியே வந்து, அக்கா, அத்தான், துணைக்கு வந்த சபைக்காரர்கள் எல்லாருக்கும் முன்னால் சொன்னார் — "பொருந்தல்லே."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வாசகர்கள் அல்லவா?

சுகர் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக அலைந்தேன். செல்வராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டரு எவ்வளவு கச்சிதமா செஞ்சு குடுத்திருக்காரு, பாத்தியளா!"

கடைசியில் அத்தான்தான் கொடுத்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா வீடு திரும்பிய பிறகு பார்க்கப் போனேன். முகத்தில் பழைய களை வந்திருந்தது. அத்தான் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார்.

"எலே, டாக்டரு தனியா கூப்பிட்டுக் கேட்டப்போ நீ என்ன சொன்னே?" என்றாள் அக்கா.

"இஷ்டம்னு சொன்னேன்."

"பயந்துக்கிட்டா?"

ஊருக்கெல்லாம் சொன்னதுபோல 'பயமா, எனக்கா?' என்று வாய் வரை வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வெளியே வரவில்லை.

"பயந்துக்கிட்டுத்தான். சுகர்னு கேட்டதும் ஒரு நிமிஷம் அப்பாடான்னு இருந்துது. அப்புறந்தான் உன் நெனப்பு வந்துது."

அக்கா சிரித்தாள். தையல் இழுத்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். "அப்போ நெசந்தான் மக்கா. பயமே இல்லேன்னிருந்தா நம்பியிருக்க மாட்டேன்."

அக்கா நம்பிவிட்டாள். அத்தான் மட்டும் இன்னும் யோசிக்கிறார்... கிட்னி கொடுத்தவர், யோசிக்கட்டும்!