அரக்கனின் ஊரில் தண்ணீர்

எங்கள் கேம் கம்பெனியில் அரக்கனைக் கொல்வதுதான் அந்தப் பெண்ணின் வேலை. கேமை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் டெஸ்டர். ஸ்ரீராம்புரத்திலிருந்து வருவார். பாதி நாள் துப்பட்டாவின் ஓரம் ஈரமாக இருக்கும். ஏன் லேட் என்று கேட்டால், "குழாய்ல தண்ணி வந்துச்சு சார்" என்று சிரிப்பார்.

அந்த அரக்கனுக்குப் புராண பாணியில் முன்கதை எழுதியவன் நான். மழையே காணாத தன் ஊருக்காகத் தேவலோகத்து மேகத்தைத் திருடியவன் அவன். அதற்காகத்தான் வீரன் வந்து அவனைக் கொல்கிறான்.

ஒருநாள் அவர் என் பெயரில் ஒரு பக், அதாவது பிழைப் புகார், பதிவு செய்தார்: 'அரக்கன் செத்த பிறகும் ஊரில் தண்ணீர் இல்லை.'

"அது பக் இல்லங்க, கதை," என்றேன்.

"வில்லன் செத்துட்டான், சரி சார். ஸ்கிரீன்ல அவனுக்குப் பின்னாடி ஊர்ப் பொம்பளைங்க காலிக் குடத்தோட அப்படியே நிக்கிறாங்களே. அதுக்குள்ள கேம் முடிஞ்சிடுச்சுன்னா எப்படி?"

மேனேஜர் சொல்லியும் அவர் அந்தப் பக்கை மூடவில்லை. வேறு வழியில்லாமல், அரக்கன் விழுந்ததும் மழை பெய்வதுபோல் மாற்றிக் கொடுத்து, பக்கை நாங்களே மூடினோம்.

அரக்கனைக் கொன்றுவிட்டு, மழை நிற்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கை மறுபடியும் திறந்தார்.

"மழை நல்லா இருக்கு சார். குடம்தான் ரொம்பல."

இன்றும் எந்த கேமில் வில்லன் விழுந்தாலும், என் கண் முதலில் குடங்களைத்தான் தேடுகிறது.