அண்ணி கொடுக்காத பால்

சோப்பையும் மீறி அடித்த அந்தப் புளித்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. எட்டு மாதக் குழந்தையின் துணிகளை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அலசி, திருப்பதி வாடகை வீட்டின் மொட்டை மாடியில் காயப்போடுவேன். காய்ந்த பிறகும் வாடை போகாது. மகளுக்கு நுரைநுரையாகப் போகும். வயிறு உப்பிக்கொண்டு கல்லாக இருக்கும். தொடை இடுக்கெல்லாம் சிவந்து புண்ணாகி, துடைக்கப் போனாலே வீறிட்டு அழுவாள். சாதாரண வயிற்றுப்போக்காகத்தான் ஆரம்பித்தது, நாலைந்து நாளில் நிற்க வேண்டியது, நிற்கவே இல்லை. குழந்தைகள் டாக்டர் சோதனை எழுதிப் பார்த்துவிட்டு, பாலில் இருக்கிற சர்க்கரை இவளுக்குச் செரிக்கவில்லை போலிருக்கிறது, லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாத கோளாறாக இருக்கலாம், இப்போதைக்குச் சந்தேகம்தான் என்றார். எனக்குத் தாய்ப்பால் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. அதனால் பசும்பால், வழக்கமான பால் பவுடர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, லாக்டோஸ் இல்லாத பவுடர் ஒன்றை எழுதிக் கொடுத்தார். பால் கலந்த எதுவுமே இரண்டு வாரம் வாய்க்குள் போகக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எம்.எஸ்ஸி., பி.எட். அந்தத் திமிர் எனக்கு அப்போது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. டாக்டர் சொன்னதைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி, வீட்டில் எல்லோருக்கும் பாடம் நடத்தினேன். எல்லோரும் என்றால் இரண்டே பேர். விடிவதற்குள் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் என் கணவர். நான் பள்ளிக்குப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள பங்காருபாளையத்திலிருந்து வந்து தங்கியிருந்த அவருடைய அக்கா. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க்காரர்கள் பலரைப் போல அண்ணியும் தமிழ் பேசுவார், படித்தது தெலுங்கில், அதுவும் ஐந்தாவதோடு சரி. ஊரில் கொஞ்சம் மாந்தோப்பும் இரண்டு பசுக்களும் உண்டு. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. என் மகளைத் தூக்கினால் இறக்க மாட்டார்.

பாலை நிறுத்தியது அண்ணிக்குப் பொறுக்கவே இல்லை. "மாடு கட்டிக்கினு கீற வூட்டுக் கொயந்தைக்கு பாலு இல்லன்னா அது இன்னா வைத்தியம்மா?" என்று தினம் புலம்புவார். குழந்தை இளைத்துப்போவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஊரிலிருந்து யார் வந்தாலும் கேனில் பால் வந்துவிடும், அதைக் காய்ச்சி எங்களுக்குக் காபி போடுவார். இரண்டு வாரம் முடிந்தது. வாடையும் குறையவில்லை, புண்ணும் ஆறவில்லை, எடை இன்னும் குறைந்திருந்தது. டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்து, வீட்டில் யாராவது பால் கொடுக்கிறார்களா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்று மதியம் வீட்டுக்கு வந்தால், குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடை, கழுவின ஈரத்தோடு சமையல் மேடையில் இருந்தது. எடுத்து மோந்தேன். வெந்நீர்தான் புகட்டினேன் என்றார் அண்ணி. எனக்கோ பால் வாடை அடித்தது. மனசுக்குள் முடிவு கட்டிவிட்டு மோந்தால் எதிலும்தான் அடிக்கும்.

கணவர் வந்ததும் அவர் எதிரிலேயே கேட்டுவிட்டேன். கேட்டேன் என்று சொல்வது பொய், கத்தினேன். பெற்றிருந்தால் இப்படிச் செய்வீர்களா என்றுகூடச் சொன்னேன். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அண்ணி அழவில்லை. குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, "காணிப்பாக்கம் போலாம் வா. கொளத்துல முய்கி சாமிகிட்ட சொல்றேன்" என்றார்.

அந்தப் பக்கத்தில் இது விளையாட்டுப் பேச்சு இல்லை. வரப்புச் சண்டையோ, குடியை விடுவதோ, எதுவானாலும் கடைசி வார்த்தை காணிப்பாக்கம்தான். குளத்தில் குளித்து ஈரத்தோடு பிள்ளையார் முன்னால் சொன்ன சொல்லை உயிர் போனாலும் மீற மாட்டார்கள். அதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். என் கணவர் கெஞ்சினார். நான் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தூர் பஸ் ஏறினோம். அண்ணி முழுகி எழுந்து, நடுங்கிக்கொண்டே சந்நிதியில் நின்று, இந்தக் குழந்தைக்கு என் கையால் பால் கொடுக்கவில்லை என்றார். அதோடு விட்டேனா? "இனிமேலும் கொடுக்க மாட்டேன்னு சொல்லுங்க அண்ணி" என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கற்பூரத்தில் கை வைத்து அதையும் சொன்னார்.

வெளியே வந்து வேறு புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். குழந்தை பசியில் சிணுங்கியது. பள்ளிக்குப் போகும் அவசரத்தில் நான் தினமும் காலையில் கரைத்து ஊட்டும் கோதுமைக் கூழ் பாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்தேன். வெந்நீரில் கரைத்தால் போதும், பாலே வேண்டாம் என்பதால் அதைத்தான் பத்தியத்திலும் நம்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணி பாக்கெட்டை வாங்கிக் குழந்தைக்கு வேடிக்கை காட்டினார். அப்புறம் அதையே உற்றுப் பார்த்து, "இன்னாம்மா, கோதும மேல பால் ஊத்துறா மாதிரி படம் போட்டுக்கீறான்?" என்றார்.

பின்பக்கத்தைத் திருப்பினேன். பொடி எழுத்தில், கோதுமை மாவுக்கு அடுத்த வார்த்தையே பால் பவுடர். உள்ளேயே பாலைக் கலந்து வைத்திருக்கிறான், அதனால்தான் தண்ணீர் மட்டும் ஊற்றச் சொல்லியிருக்கிறான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் கோயில். "சும்மா படம் அண்ணி" என்றேன். பாக்கெட்டை யாரும் பார்க்காதபோது தேங்காய் மட்டைகள் கிடந்த தொட்டியில் போட்டுவிட்டு, வாழைப்பழம் வாங்கி மசித்து ஊட்டினேன்.

நாலாவது நாள் வயிற்று உப்பல் வடிந்து, போக்கும் நின்றது. ஒரு வாரத்துக்குள் புண் ஆறிப் பளபளவென்று ஆனாள். சாமி சாட்சி சொல்லிவிட்டார் என்று அண்ணி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். என் கணவர் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் தப்பாக நினைத்துவிட்டேன் என்றேன், அதோடு நிறுத்திக்கொண்டேன். பிறகு டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றும் செய்யவில்லை. இன்று அவளுக்குப் பதினோரு வயது, ஒரு சொம்புப் பாலை மூச்சு விடாமல் குடிப்பாள். அண்ணியின் சத்தியத்தை நான் மறந்தேபோயிருந்தேன் என்றால் நம்புவீர்களா? மறந்துதான் போயிருந்தேன்.

போன கோடை விடுமுறையில் மகளை பங்காருபாளையத்தில் அண்ணியிடம் விட்டிருந்தோம். காய்ச்சல் என்று போன் வந்து ஓடினேன். மகள்தான் கேட்டாள்: "அத்தை எனக்கு எல்லாம் ஊட்றாங்க. பால் மட்டும் பக்கத்து வூட்டு அக்காவ கூப்புட்டு குடுக்க சொல்றாங்க. ஏம்மா?"

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கொட்டகையில் அண்ணி பால் கறந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கெட்டை, பொடி எழுத்தை, தொட்டியில் போட்டதை. அழுதுகொண்டே சொன்னேன். அவர் கறப்பதை நிறுத்தவில்லை. முடித்துவிட்டு, மாட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டு எழுந்தார். இனிமேல் உங்கள் கையாலேயே கொடுங்கள் அண்ணி, அந்தச் சத்தியத்தை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"நீ சொன்னதும் வுட்டுடறதுக்கு, நான் சத்தியம் பண்ணது உன்கிட்ட இல்லியேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பாலைக் காய்ச்சி ஆற்றி டம்ளரில் ஊற்றினார். குழந்தை குடிக்கிற சூடு இருக்கிறதா என்று வெளியே விரல் வைத்துப் பார்த்தார். என் பக்கமாக மேடையில் வைத்தார். நான் எடுத்துக்கொண்டு போனேன்.