பேஸ் ராமசுப்புவின் நான்கு கேசட்டுகள்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் நிலையத்தில் பதிவுத் தபால் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் போன் வந்திருப்பதாக உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். நான் கீபோர்டு வாசிக்கும் மெல்லிசைக் குழுவை நடத்தும் வேலாயுதம் அண்ணாச்சி பேசினார். கச்சேரித் தேதி சொல்லத்தான் அவர் கூப்பிடுவார் என்பதால் கையில் பேனாவோடு போயிருந்தேன். "நம்ம பேஸ் ராமசுப்பு போயிட்டாப்ல, சாமி. நெஞ்சு வலிக்குன்னுருக்காரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சு போச்சு" என்றார். நான் திரும்பி வந்து, வரிசையில் நின்ற அம்மாளின் தபாலை எடை போட்டேன். ஒரே தபாலை மூன்று முறை போட்டேன் என்று அந்த அம்மாள்தான் சொன்னார்.

எண்பதுகளில் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கல்யாணமோ கோயில் கொடைவிழாவோ நடத்தியவர்கள் எல்லோரும் ராமசுப்புவைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தது நினைவில் இருக்காது. மேடையின் வலது ஓரத்தில் செருப்பில்லாமல், ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் மாதிரி ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டு, பாட்டுக்கு அடியில் கனத்த சுரம் போடும் நான்கு கம்பி பேஸ் கிடார் வாசித்த மனிதர் அவர். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் சித்தப்பா மேடைக்கே வந்து, "இவரு எதுக்கு? இவரு வாசிக்கது கேக்கவே இல்லையே" என்று கேட்டுவிட்டார். ராமசுப்பு சிரித்தார். அடுத்த பாட்டின் நடுவில் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். பந்தலில் ஆடிக்கொண்டிருந்த மாப்பிள்ளைத் தோழர்கள் என்ன ஆயிற்றென்று தெரியாமல் தடுமாறி நின்றார்கள். மறுபடி வாசித்தார், மறுபடி ஆடினார்கள். சித்தப்பா பந்திக்குப் போய்விட்டார்.

வாரம் முழுவதும் அவருக்கு ஒரு நூற்பாலையில் ஷிப்ட் வேலை. பேஸ் கிடார்மேல் எப்படி ஆசை வந்தது என்று ஒருமுறை கேட்டேன். "மில்லுக்குள்ள காதுக்கு வேலையே இல்ல சாமி. காலுதான் கேக்கும். மிசின்ல கோளாறுன்னா மொதல்ல தரையிலதான் தெரியும்" என்றார். அதற்காகத்தான் மேடையிலும் செருப்பைக் கழற்றினார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் 'அண்ணே' என்பேன். நான் ஆண்டாள் கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பையன் என்பதால் அவரும் குழுவில் மற்றவர்களும் என்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிட்டார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல்.

அவருடைய மைத்துனர் தூத்துக்குடிக்காரர், கப்பலில் சமையல் வேலை. உடன் வேலை பார்த்த ஜமைக்காக்காரர் ஒருவரிடமிருந்து நான்கு கேசட்டுகள் பதிந்துகொண்டு வந்து கொடுத்தார். ரெகே என்ற அவர்கள் ஊர் இசையின் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டோம். கேசட்டில் யார் பெயரும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் மட்டும். ராமசுப்பு டேப்ரிக்கார்டரில் கீச்சுச் சத்தத்தை முழுக்கக் குறைத்து, கனத்த சத்தத்தை முழுக்கக் கூட்டி, ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டார். நம் மேடைகளில் பாடகருக்கும் வயலினுக்கும் பின்னால் எங்கேயோ கிடக்கும் பேஸ், அந்தப் பாட்டுகளில் முன்னால் வந்து நின்றது. மற்ற கிடார் ஓரமாக நின்று தாளத்தைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டது. "அந்த ஊர்ல பேஸ்காரன நடுவுல நிக்க வச்சிருக்காங்க சாமி" என்றார். அப்படியொரு சந்தோஷத்தை அவர் முகத்தில் அதற்குமுன் நான் பார்த்ததில்லை. கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

பெயர் தெரியாததால் அவரே பெயர் வைத்தார். முதல் கேசட்டில் ஆள் உயர மர பேஸை நிற்கவைத்து வாசிப்பவர், பழைய காலத்து ஆட்டப்பாட்டுக்காரர். சுரங்கள் அடியெடுத்து நடப்பதுபோல் இருக்கும், அதனால் அவர் 'நடைராசா'. இரண்டாவதில் இருந்தவர் 'முட்டுக்கட்டை'. எங்கள் ஊர் ஆடிப்பூரத் தேரில் வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருப்பார்கள்; சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்தான் தேரைத் திருப்புவார், நிறுத்துவார். நாலே நாலு சுரத்தை வைத்துக்கொண்டு பாட்டை அப்படி நடத்தினார் அந்த மனிதர். நான்காவது கேசட்டில் பாடுகிறவர் குரலையே அழித்துவிட்டு பேஸையும் டிரம்மையும் மட்டும் எதிரொலியோடு விட்டிருந்தார்கள். மூன்றாவதில் வாசித்தவரும் முட்டுக்கட்டையும் ஒரே ஆள்தான் என்று நான் சாதித்தேன். இல்லவே இல்லை என்று அவர் சாதித்தார். அந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை.

இனி சொல்லப்போவது அண்ணாச்சியைத் தவிர எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அண்ணாச்சி புதிய கீபோர்டு வாங்கினார். அதில் பேஸ் கிடாரின் ஓசையும் இருந்தது. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள திருவண்ணாமலையில் (சிவன் ஊர் அல்ல, அதே பெயரில் ஒரு பெருமாள் மலை), மலைமேல் பெருமாளைச் சேவிக்க வந்த கூட்டத்துக்காக அடிவாரத்தில் பகல் கச்சேரி. மேடையில் ராமசுப்பு கம்பிகளைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி என்னை ஜெனரேட்டர் பக்கம் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். யார் காதிலும் விழக்கூடாது என்றுதான் அந்த இடம். பேஸையும் நானே கீபோர்டில் இடது கையாலேயே வாசித்துவிட முடியுமா, ஓர் ஆள் குறைந்தால் வேனில் இடம் கிடைக்கும் என்று கேட்டார். நான் யோசித்திருக்கலாம். அவரைக் கேளுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். "முடியும்" என்றேன். புதுக் கீபோர்டு முழுவதும் என் கைக்கு வருகிறதே என்ற ஆசை. வேறு காரணம் ஒன்றுமில்லை.

கச்சேரி முடிந்ததும் அண்ணாச்சி அவரிடம் பட்டும் படாமலும் விஷயத்தைச் சொன்னார். ராமசுப்பு துண்டால் கிடாரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "சரி அண்ணாச்சி" என்றார். யோசனை யாருடையது, யார் தலையாட்டியது என்று அவர் கேட்கவில்லை. எனக்கு உயிர் வந்தது.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மஞ்சள் பையிலிருந்து முதல் கேசட்டை எடுத்துக் கொடுத்து, "இத ஒரு வாரம் கேளுங்க. கேட்டு முடிச்சாத்தான் அடுத்தது" என்றார். அப்படி நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ராஜபாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்தார். கேசட் ஓடும், நான் இடது கையால் தொடர்ந்து வாசிக்க வேண்டும். "செத்த நேரம் சும்மா இருங்க சாமி. மொதத் தட்டுல எல்லாப் பயலும் விழுவான். அத விட்டுருங்க, பொறவு வாங்க" என்பார். நான் விரலை ஓட்டினால், "எம்புட்டு வாசிக்கோம்னு எவன் கேட்டான்? எங்க நிறுத்துதோம்னு பாருங்க" என்பார். நான்காவது வாரம் அந்தக் குரலில்லாத பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, "எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. இவரு மட்டும் இருக்காரு பாத்தீகளா" என்றார். என்னால் நிமிர்ந்து அவரைப் பார்க்க முடியவில்லை. மேடை போன பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பொழுது போகாமல் வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

மறு வருடம் வ. புதுப்பட்டிக் கொடையில் என் இடது கையைப் பலர் பாராட்டினார்கள். ராமசுப்பு கூட்டத்தில் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டார். அவர் தலை லேசாக ஆடியதைப் பார்த்தேன். அதன்பின் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் சந்திக்கும்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிட வாய் எடுப்பேன். ஒருநாள் "அண்ணே, அன்னைக்கு மலையடிவாரத்துல..." என்றுகூட ஆரம்பித்துவிட்டேன். "டீ ஆறுது சாமி, குடிங்க" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது கேசட் வழக்கை இழுத்துக்கொண்டார். நானும் தப்பித்தோம் என்று குடித்தேன்.

பதினாறாம் நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கேசட்டுகள் நான்கும் என்னிடமே இருந்தன, எடுத்துக்கொண்டு போனேன். அவர் மனைவி கோமதியும் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் மில்லில் வேலை பார்த்தவர். அவரிடமாவது சொல்லித் தொலைக்கலாம் என்று, அன்று அண்ணாச்சியிடம் நான் சொன்ன பதிலைச் சொன்னேன். கோமதி ஆச்சரியப்படவில்லை.

"அது அவுகளுக்கு அன்னைக்கே தெரியும்ணே. நீங்க 'முடியும்'னு சொன்னத மேடையில இருந்தே பாத்துட்டாக. மில்லுச் சத்தத்துல நாங்க வாயப் பாத்துத்தான பேசுவோம். ஜெனரேட்டரு சத்தமெல்லாம் எங்களுக்கு ஒரு சத்தமா?"

கோபப்பட்டாரா என்று கேட்டேன்.

"ரெண்டு நாளு சாப்பிடல. பொறவு எந்திரிச்சு, 'சாமி முடியும்னு சொல்லிட்டாரு, ஆனா அவரால முடியாது. பாட்டு கெட்டுப் போகும். போய்ச் சொல்லிக் குடுத்துட்டு வாரேன்'னு கேசட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாக."

கேசட்டுகளைக் கோமதியிடமே கொடுத்துவிட்டேன். அவர்கள் மகள் அவற்றைப் போட்டுக் கேட்கிறாளாம், நல்லது. என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த இடது கை. வலது கைக்கு நான் சம்பளம் கொடுத்துப் பாடம் படித்தேன். இடது கை ராமசுப்பு கொடுத்தது. தன் இடத்தைப் பறித்தவன் என்று தெரிந்தே, பறித்தவன் வீட்டில் வந்து உட்கார்ந்து கொடுத்தார். இத்தனை வருடமாக அதை என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்க எனக்குக் குரல் எழும்பவில்லை என்பதுதான் இத்தனை நாளும் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு. அவர் முன்னால் நின்று உதட்டை மட்டும் அசைத்திருந்தால் போதும். அவருக்குக் கேட்டிருக்கும்.