வல்லை வெளியில் ஐந்தாம் கியர்

நெல்லியடிச் சந்தியருகே ஒரு கராஜில் நிற்கிறேன். கொழும்பிலிருந்து ஓட்டி வந்த என் மோட்டார் சைக்கிள் அறுபது கிலோமீட்டர் வேகத்திலேயே அலறுகிறது, அதிர்வில் கைகள் மரத்துப்போகின்றன. முன் பல்சக்கரத்தில் ஒரு பல் கூடினால், அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றும். பதினான்கு பல்லைக் கழற்றிப் பதினைந்து போடச் சொல்கிறேன்.

"போடலாம் தம்பி. ஆனா இது சோழகக் காத்து வீசுற காலம். வல்லை வெளியிலை எதிர்க்காத்துக்கு இழுக்காது," என்கிறார் கராஜ்காரர்.

நான் எஞ்சினைப் பற்றிக் கேட்டால் இவர் காற்றைப் பற்றிச் சொல்கிறார். பிடிவாதமாகப் போடவைத்துப் புறப்படுகிறேன்.

ஊர் தாண்டியதும் வல்லை வெளி. வீடில்லை, மறைப்பில்லை. காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது. ஐந்தாம் கியரில் வண்டி திணறுகிறது. நான்குக்கு இறக்கினால் முன்னைவிட மோசமாக அலறுகிறது. கராஜ்காரரோடு சண்டை பிடிக்கத்தான் பாதியில் திரும்புகிறேன்.

திரும்பியதும் காற்று முதுகுக்கு வந்துவிடுகிறது. ஐந்தாம் கியரில் எஞ்சின் முணுமுணுக்கிறது, கையில் அதிர்வே இல்லை. கோபத்தை நெல்லியடி வரை கொண்டுபோக முடியவில்லை.

கராஜில் பழைய பல்சக்கரம் துடைத்து மேசையில் வைக்கப்பட்டிருக்கிறது.

"திரும்பி வரேக்கை நல்லா ஓடியிருக்குமே?" என்கிறார் கராஜ்காரர்.

"ஓம் அண்ணை. அந்தமாதிரி ஓட்டம்!"

"அப்ப இருக்கட்டும். இனி எந்தப் பக்கம் போறியள்?"

வல்லை வெளிப் பக்கம் கையைக் காட்டுகிறேன். அவர் மேசையிலிருந்த பழைய பல்சக்கரத்தையும் ஸ்பனரையும் எடுக்கிறார்.