பரளச்சிப் பருத்திக்காட்டில் ஓர் உச்சிவேளை

பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மாமாவுக்குக் குடை பிடிக்கப் போனேன். வெயில் எனக்கல்ல, காமிராவுக்கு ஆகாது.

மாமா ஒரே நேரத்தில் இரண்டு படம் எடுத்துவந்தார். ஒன்று, பஞ்சாலைக்காரருக்காகப் பருத்தி எடுப்பைப் பற்றியது. மற்றது அவருடைய சொந்தப் படம். ஜனங்கள் பயப்படும் இடங்களை நடிப்பில்லாமல் அப்படியே காட்டுவது. காமிரா ஆலைக்காரருடையது. பருத்திப் படம் திங்கட்கிழமைக்குள் முடியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், சொந்தப் படமும் அத்தோடு நின்றுபோகும். யுத்த காலமானதால் மிஞ்சியது ஒரே பிலிம் சுருள்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ், தலைக்கு நாலணா. அங்கிருந்து பரளச்சிக்கு மாட்டுவண்டி.

“அந்தப் பருத்திக்காட்டுக் கெணத்துப் பக்கம் யாரையும் பேரு சொல்லிக் கூப்புடாதீக ஐயா” என்றார் வண்டிக்காரர்.

“கூப்பிட்டா என்னய்யா?”

“கூப்புட்டா வரும்ல. அதான்.”

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார்.

காட்டை அடைந்தபோது உச்சிப்பொழுது. காக்கைகூட இல்லை. பெண்கள் வரிசையாகப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அப்பால் வண்டிக்காரர் சொன்ன பாழுங்கிணறு. ஒரே காட்சியில் இரண்டு படத்தையும் முடித்துவிடலாம் என்று மாமாவுக்கு ஆசை. முன்னால் நின்ற அன்னம்மாள் என்ற பெண் திரும்பிச் சிரித்தால் போதும். காமிராவை ஓடவிட்டு, “அன்னம்மா!” என்று கத்தினார்.

யாரும் திரும்பவில்லை. எல்லாக் கைகளும் செடிமேல் அப்படியே நின்றன. வெள்ளைக் காட்டில் முதுகுகள் மட்டும்.

“வாரேன்” என்று ஒரு பெண்குரல் கேட்டது. கிணற்றுப் பக்கமிருந்து.

அங்கே ஒருவருமில்லை.

அன்னம்மாள் பின்னால் பார்க்காமல் நேரே எங்களிடம் வந்தார். கழுத்துச் சிலுவையை இறுகப் பிடித்திருந்தார்.

“உச்சியில ஒருவாட்டி கூப்புட்டா நாங்க வாயத் தொறக்க மாட்டோம். மூணுவாட்டி கூப்புட்டாத்தான் மனுசக் குரலு. தெரியாதா ஒங்களுக்கு?”

“நீதானம்மா பதில் சொன்னே?”

“நானா? எனக்கு நாக்கே பொரளலையே!”

பெண்கள் மடியை அவிழ்த்துப் பருத்தியைக் கொட்டிவிட்டு ஊரைப் பார்த்து நடந்தார்கள். மாமா பின்னாலேயே ஓடினார்.

“இன்னும் கொஞ்சம் சுருள் இருக்கும்மா. திரும்பி ஒரு சிரிப்பு. இல்லைன்னா என் காமிரா போயிரும்.”

“அதான் என் பேருக்கு அங்க ஒருத்தி இருக்காளே. அவளச் சிரிக்கச் சொல்லுங்க.”

அந்தக் காட்டுக்குப் போக விரும்புகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள்; வழியில் நிழல் கிடையாது. காலையிலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். யாரையாவது அழைக்க வேண்டுமானால் கிட்டே போய்த் தோளைத் தொடுங்கள்.

திங்கட்கிழமை காமிரா ஆலைக்குப் போய்விட்டது. அந்த மீதிச் சுருளில் கிணற்றையாவது எடுத்திருக்கலாமே என்று மாமாவிடம் கேட்டேன்.

“எடுத்திருக்கலாம்” என்றார். “அதுக்கு ஒருத்தர் அந்தப் பக்கம் திரும்பணுமே.”