கம்மிய குரலில் ஒரு சீசன்

மாஸ்டரின் குரலில் ஏதோ சரியில்லை என்பதை முதலில் கேட்டவன் நான்தான். எங்கள் கால்பந்து பாட்காஸ்டை எடிட் செய்வது என் வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவனுக்கு, பேசுகிற ஆளின் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாததும் தெரிந்துவிடும்.

நாங்கள் மூன்று பேர். மாஸ்டர் புதுப்பட்டினத்துக்காரர், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். அக்கா கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்து, அணுமின் நிலையத்தில் அலுவலக வேலை கிடைத்து அணுபுரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தவர். நான் படூரில் ஒரு அடுக்குமாடியில் இருந்துகொண்டு ஐ.டி. கம்பெனிக்குப் போய்வருகிறவன். ஸ்டேடியத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை என்பதைத் தவிர எங்களுக்குள் பொதுவாக எதுவும் இல்லை. எங்கள் கிளப் தோற்ற ஒரு நாள், ஒரே காரில் ஈ.சி.ஆர். வழியாகத் திரும்பும்போது, கோல்கீப்பரை மாற்ற வேண்டுமா கூடாதா என்று மாமல்லபுரம் வரைக்கும் சண்டை போட்டோம். “இதை ரெக்கார்டு பண்ணிப் போட்டா நாலு பேரு கேப்பான் தம்பி” என்றார் அக்கா. அப்படித்தான் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் படுக்கையறைதான் ஸ்டூடியோ. எதிரொலி வராமல் இருக்கத் துணி பீரோவைத் திறந்து வைப்போம். பக்கத்து பிளாக்கில் டைல்ஸ் அறுப்பதை நிறுத்தும் நேரம் பார்த்துப் பேசுவோம். கேட்பவர்கள் அதிகமில்லை. கேட்டவர்கள் மாஸ்டருக்காகக் கேட்டார்கள். மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கிற குரல் அது. கோபம் வந்தால் ஒலியளவு முள் சிவப்புக்குப் போய்விடும். “மைக்கை வுட்டுத் தள்ளி உக்காரு மாஸ்டர்” என்று நான் கத்த வேண்டியிருக்கும்.

போன சீசன் நன்றாகத்தான் தொடங்கியது. புதுப் பயிற்சியாளர், புது நடுக்கள வீரர்கள், முதல் ஆட்டத்திலேயே வெற்றி. அதற்கப்புறம் என்ன ஆனது என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. ஜெயித்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தைக் கடைசி நிமிடங்களில் விட்டார்கள். ஒரே மாதிரி கோல், ஒரே மாதிரி கார்னர், அதே டிஃபண்டர் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பான். கேலரியில் ஆட்கள் குறைந்தார்கள். அடுத்த வருடம் லீக்கே நடக்குமோ நடக்காதோ என்று ஒரு பேச்சு கிளம்பியது. வாரா வாரம் நாங்கள் சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி மைக் முன்னால் உட்கார்ந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் கேட்டேன். வாக்கியத்தின் கடைசி வார்த்தை வரும்போது மாஸ்டரின் குரல் நூல் பிரிந்தது போல் இரண்டாகப் பிரியும். அதற்கடுத்த வாரம் நடு வார்த்தையிலேயே பிரிந்தது. திரையில் அவர் குரலின் அலைகள் முன்பெல்லாம் தடித்துத் தெளிவாக இருக்கும். இப்போது எலி கொறித்த துணி மாதிரி ஓரம் கிழிந்திருந்தது.

“மாஸ்டர், தொண்டைக்கு இன்னா ஆச்சு?”

“கத்தற வேலை மச்சான். ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டே வந்துகினு கீது. போதாக்கொறைக்கு நம்ம டீம் வேற.”

அக்காவும் சொன்னார். “சுக்குத் தண்ணி குடிச்சா போற சங்கதி இல்லை இது. ஒருக்கா டாக்டரைப் பாரும்.” மாஸ்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் காற்றுதான் அதிகம் இருந்தது. சிகரெட், குடி எதுவும் தொடாதவர், தினமும் விடியலில் கடற்கரையில் ஓடுகிறவர். அவரைப் பார்த்தால் நோய் என்ற வார்த்தையே யாருக்கும் தோன்றாது.

பிறகு அந்த வாய்ஸ் மெசேஜ் வந்தது. வழக்கமாக எங்களுக்கு வருவது திட்டுதான். இது ஒரு பெண்ணின் குரல். அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். “எனக்கு ஃபுட்பால் தெரியாதுங்க. என் கணவர் கார்ல உங்க ப்ரோக்ராம் போடுவார். நான் ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கறேங்க. மாஸ்டர்னு ஒருத்தர் பேசறாரே, அவர் குரல் எத்தனை வாரமா இப்படி இருக்கு? தயவு செஞ்சு தள்ளிப்போடாம ஒரு ஈ.என்.டி. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க.”

அடுத்த ஞாயிறு அதை இருவருக்கும் போட்டுக் காட்டினேன். பக்கத்து பிளாக்கில் டைல்ஸ் மெஷின் ஓடி நின்றது.

“ஃபேன்ஸ் ஜாஸ்தியாயிட்டாங்க” என்றார் மாஸ்டர். யாரும் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, “சரி, சீசன் முடியட்டும். முடிஞ்ச மறுநாள் போறேன். இப்ப பேஜார் பண்ணாதீங்க” என்றார்.

“சீசன் என்னத்துக்கு? அவனுவ எப்படியும் தோக்கத்தான் போறானுவ” என்று அக்கா எழுந்தே விட்டார். அன்றைக்குப் பாதியில் ரெக்கார்டிங்கை நிறுத்தினோம்.

சொந்த மைதானத்தில் சீசனின் கடைசி ஆட்டம். பாதி கேலரி காலி. இரண்டாம் பாதியில் எங்கள் ஆள் ஒருவனைப் பெனால்டி பகுதிக்குள் பட்டவர்த்தனமாகத் தள்ளிவிட்டார்கள். நடுவர் கை காட்டாமல் ஓடிப் போனார். மாஸ்டர் எழுந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. சத்தம் வரவில்லை. பின்வரிசையில் இருந்த இரண்டு பையன்கள் அவர் வேண்டுமென்றே நடிக்கிறார் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அவர் மெதுவாக உட்கார்ந்து என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. பயம்.

மறுநாள் செங்கல்பட்டில் ஒரு ஈ.என்.டி. டாக்டரிடம் போனோம். மூக்கு வழியாக மெல்லிய குழாய் கேமராவை விட்டுப் பார்த்தார். அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த டாக்டர், திரையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கொஞ்சம் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை மாஸ்டர் பள்ளிக்குப் போனார், விசில் மட்டும் ஊதினார். புற்றுநோய் என்று முடிவு வந்தது. குரல் நாணைத் தாண்டிப் பரவியிருந்தது. கதிர்வீச்சு மட்டும் போதாது, குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள். இன்னும் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, மாஸ்டரின் மனைவி நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் அவர் மனைவி என்னை போனில் கூப்பிட்டார். “அண்ணா, உங்ககிட்ட அவர் பேசினது எல்லாம் இருக்குதானே? எங்க பாப்பாவைப் பத்தி எங்கனா பேசியிருப்பாரா? நல்லா இருந்தப்ப பேசினது வேணும். இப்ப ரெக்கார்டு பண்ணலாம்னா அது அவர் குரலே இல்ல.”

தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கடைசி வாரத்திலிருந்து பின்னோக்கிக் கேட்டேன். ஒவ்வொரு வாரமாகக் குரல் தேறிக்கொண்டே வந்தது. கேட்கவே பயமாக இருந்தது. எங்கே ஆரம்பித்தது என்று காது தானாகத் தேடியது. எங்களுக்குத் தெரிந்ததற்கு வெகு முன்னாலேயே, ஒரு வெற்றிக்கு மறுநாள் பேசியதில், “சூப்பர் மச்சான்” என்று அவர் கூவும்போது அந்தக் கூவலின் அடியில் மெல்லிய ஒரு உரசல் கேட்டது. நாங்கள் மூவரும் விழுந்து விழுந்து சிரித்த நாள் அது.

மணிக்கணக்கில் பேச்சு. எல்லாம் ஆஃப்சைடும் கார்னரும் கோல்கீப்பரைத் திட்டியதும்தான். பாப்பா எங்கேயும் இல்லை. அப்புறம், வெளியிடாமல் வெட்டிப் போட்ட துண்டுகளை நான் அழிக்காமல் வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. அதில் ஒன்றில் ரெக்கார்டிங் நடுவே அவர் போன் அடிக்கிறது, மறுமுனையில் பாப்பா. “இன்னாடா செல்லம்? நாஸ்தா துன்னியா? அம்மாவ அழ வெக்காத. அப்பா வரச்சொல்ல பலூன் வாங்கியாறேன். சரி, வை. இந்த மாமா மொறைக்கிறாரு.” அவ்வளவுதான். பழைய குரல், முழுசாக. அதை மட்டும் தனியாக எடுத்து அனுப்பினேன்.

ஆபரேஷன் நடந்தது. இப்போது மாஸ்டர் கழுத்தில் இருக்கும் துளை வழியாக மூச்சு விடுகிறார், அதன்மேல் மெல்லிய துணி கட்டியிருப்பார். கடற்காற்றில் மணல் பறக்கும் என்பதால் கடற்கரையில் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளியில் வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

போன மாதம் மறுபடியும் என் படுக்கையறையில் கூடினோம். வந்தே தீருவேன் என்று மாஸ்டர்தான் பிடிவாதம் பிடித்தார். சொல்ல வேண்டியதைப் போனில் டைப் செய்தார். போன் அதை இயந்திரக் குரலில் வாசித்தது. அந்தக் குரல் “நம்ம டீமு” என்றபோது நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். அக்கா போனைப் பிடுங்கி, “நான் வாசிக்கேன்” என்றார். மாஸ்டரின் வார்த்தைகளைக் கன்னியாகுமரி ராகத்தில் வாசித்தார்: “இன்னா மச்சான், இவனுங்களுக்கு டிஃபென்ஸ் ஆடத் தெரியாதா?” மாஸ்டரின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆனது.

ஆட்ட அட்டவணை இன்னும் வரவில்லை. கிளப் புது வீரர் யாரையும் வாங்கவும் இல்லை. மாஸ்டருக்கு அடுத்த ஸ்கேன் வருகிறது, கழுத்தின் இடது பக்கம் ஒரு சின்னக் கட்டி இருப்பதாக அவர் மனைவி சொன்னார். டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாராம். அன்றைக்கு ரெக்கார்டிங் முடிந்து பைக்கில் கிளம்பும்போது மாஸ்டர் என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுதினார். எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கேளம்பாக்கம் பக்கம் திரும்பிப் போனார்.