அவர் கைவிட்ட சொல்

இன்று நாடே கொண்டாடும் அந்த இயக்குநர், ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஓசூரில் எங்கள் நாடகக் குழுவுக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். சாப்பாடு என் அக்கா வீட்டில். அவருக்கு வீட்டு மொழி கன்னடம். இலைக்கு மேல் கையை நீட்டி “சாகு” என்பார். போதும் என்று அர்த்தம். ஒத்திகையை நிறுத்துவதும் அதே சொல்லால்தான்.

பிறகு மதராசுக்குப் போனார். ஸ்டூடியோவில் ஒருநாள் வாய்தவறி “சாகு” என்று கத்த, யாரைச் சாகச் சொல்கிறாய் என்று ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்களாம். அன்றோடு அதை விட்டார். சொந்தமாகப் படம் எடுக்க எங்கள் பக்கம் வந்தபோது கன்னடமே தெரியாதவர்போல் இருந்தார். ஆள் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. நன்றாகச் செய்தால் உதவி இயக்குநர் ஆக்குவதாக வாக்கு.

பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக அழ ஒருத்தி வேண்டும் என்றார். அக்காவின் பிள்ளை அம்மை கண்டு செத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வெட்கமில்லாமல் நான்தான் அவளைச் சொன்னேன். பழைய ஒத்திகை நினைப்பில், அவர் ‘சாகு’ என்றதும் நிறுத்திவிடு என்று அவளிடம் சொல்லிவைத்தேன். எனக்காக வந்தாள்.

சாமல்பட்டி ரயில் நிலையத்துக்குப் பின்னால், உச்சி வெயிலில், துணிப் பிள்ளையை மடியில் போட்டு அழுதாள். “கட்” என்றார். அவள் காதில் அது ‘கட்டு’ என்று விழுந்தது. பிள்ளையைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார் என்று இறுக்கிக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்குப் புரிந்துவிட்டது. காமிராவை ஓட்டும்படி சைகை காட்டிவிட்டு, மறுபடி “கட்” என்றார். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் அவள் இன்னும் இறுக்கி, செத்த பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கதறினாள். ஒரு ‘சாகு’ சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பாள். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பிலிம் தீரும்வரை விட்டார். அந்தப் பெயர் படத்தில் கேட்காதபடி பிற்பாடு ஒரு பாட்டுப் போட்டு மூடினார்கள்.

அந்த அழுகைதான் அவரைப் பெரிய இயக்குநர் ஆக்கியது. நடிக்கத் தெரியாதவர்களையும் நடிக்க வைப்பவர் என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு வேலை கிடைத்தது.

படம் கிருஷ்ணகிரிக்கு வந்தபோது அக்காவை அழைத்துப்போனேன். வெளியே வந்ததும் கேட்டாள்.

“அன்னிக்கு அவுரு எப்போ ‘சாகு’ம்பாருன்னு பாத்துக்கினே இருந்தேன். கட்டுன்னா நிறுத்தறதாமே. உனக்குத் தெரியுந்தானடா?”

தெரியும் என்றேன்.

“சாகு” என்றாள் அக்கா.

அதை எந்த மொழியில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.